தட்டம்மை ஊசியும் ஒரு தாதியும்

பிள்ளைகளே, மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு கிளினிக்கில் ஒரு தாதியைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு. ஊசி போடுமுன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். என் கைக்குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டிய நாள் அது. அந்த ஊசியால் பிள்ளைகள் செத்துப்போவதாகக் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம் மிஸ்ஸி, பயமா இருக்கு லா.”

“அதுல பேசுனது யாருண்ணே?”

“தெரியாது. ஒரு அம்மா அழுதுகிட்டே சொன்னாங்க.”

“அழுது சொன்னா நெசமாயிருமா? அம்மை வந்து மூச்சுத் திணறுன பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். ஆனாலும் எம்மவளுக்குப் போடுறப்ப எனக்கே கை நடுங்குச்சு. நடுங்கிக்கிட்டேதான் போட்டேன்.”

குழந்தையைக் கொடுத்தேன். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அதன் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன நியாயத்தை நம்பிக் கொடுத்தேனா, அவருடைய நடுக்கத்தை நம்பியா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.