மூன்றாவது பெயர்

திரித்துவத்துக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள் நான். ஒன்றும் ஒன்றும் ஒன்றும் கூட்டினால் மூன்று. ஒன்று என்று எழுதுகிற பிள்ளைக்கு முட்டை போடத்தான் எனக்குத் தெரியும். பிதா தேவன், குமாரன் தேவன், பரிசுத்த ஆவி தேவன், ஆனாலும் மூன்று தேவர்கள் இல்லை, ஒரே தேவன் என்று ஞாயிறு பள்ளியில் ஒப்பிக்கச் சொல்வார்கள். கடகடவென்று ஒப்பித்து சோப்பு டப்பா பரிசுகூட வாங்கியிருக்கிறேன். மனசுக்குள் மட்டும், இது என்ன கூத்து என்றுதான் ஓடும்.

விளக்கம் சொல்ல வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு அக்கா தேங்காயைக் கொண்டுவந்து உடைத்துக் காட்டினாள். ஓடு, பருப்பு, தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் ஒரு தேங்காய். "அப்போ ஓட்ட அடுப்புல போடுதோமே அக்கா, அது யாரு?" என்று கேட்டேன். நறுக்கென்று ஒரு கொட்டு வைத்தாள். கேட்டதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வளர்ந்த பிறகும் திருந்தவில்லை. எங்கள் சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் என்னைவிட ஓரிரு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஒரு சீசனில் சபை ஆட்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். ஈரத்தலையும் துண்டுமாக நாங்கள் நடுங்கிக்கொண்டு நிற்க, அவர் அருவி இரைச்சலுக்கு மேலே கத்தினார்: "மேல ஒரே ஆறுதான். இங்க வந்து பிரிஞ்சு விழுது. திரித்துவமும் அப்படித்தான்." நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, அஞ்சால்லா விழுது. மீதி ரெண்டு பேரு யாரு?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நல்ல மனுசன், சும்மா சொல்லக்கூடாது.

அன்றைக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது என்கூட வந்திருந்த என் வீட்டுக்காரர். அவர் சபைக்காரர் இல்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், போலீஸ் வேலை, அப்போது புளியறை செக்போஸ்ட்டில் டூட்டி. நாங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். அவர் சாமியை அவர் கும்பிடுவார், என் சாமியை நான் கும்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லாவிட்டால் என்னைக் கூட்டிப்போக வந்து, கோயில் கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஆராதனை முடிவில் பாஸ்டர் கை உயர்த்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் ஆசீர்வாதத்தைச் சொல்வது ஸ்பீக்கரில் வெளியே கேட்கும். அதுதான் அவருக்கு சிக்னல். நான் படி இறங்கி வருவதற்குள் பைக் உறுமிக்கொண்டிருக்கும். "இந்த மூணு பேரையும் கூப்பிட்டாத்தான் ஒன்ன வெளிய விடுதாக" என்பார்.

நான் உண்டானதும் அவரே சொன்னார், "பிள்ள ஒன் கோயில்லயே வளரட்டும்ட்டி, எனக்கு ஒண்ணுமில்ல" என்று. அவர் வீட்டில் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள். அப்புறம் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

அந்த வருசம் சாரல் அருமையாக இருந்தது. தென்காசியில் சாரல் காலத்தில் எதுவுமே முழுசாக நடக்காது, பாத்துக்கிடுங்க. வெயில் அடித்துக்கொண்டே தூறும், தூறிக்கொண்டே வெளுக்கும். மேற்கே மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. திடீரென்று மேகம் விலகி அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், மறுபடி பார்த்தால் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு போட்டிருந்தேன். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடி, தூக்கமும் இல்லாமல் முழிப்பும் இல்லாமல் கிடப்பேன். உள்ளேயிருந்து அவன் ஒரு உதை விடுவான். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

எட்டாம் மாதம்கூட இன்னும் பிறக்கவில்லை. ஒரு விடியக்காலம் வலி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஊசி போட்டார்கள். உடம்பு கட்டிலில் கிடந்தது, நான் அதற்குக் கொஞ்சம் மேலே மிதந்துகொண்டிருந்தேன். எல்லாரும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. பையன் என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் சாரல் வழிந்தது. பையன் என்று சொன்ன குரலில் சந்தோசமே இல்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

நர்சம்மா குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்: "டீச்சர், பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வண்டி வந்துக்கிட்டிருக்கு. ஒங்க கோயில் முறை ஏதும் செய்யணும்னா இப்பமே செஞ்சிருங்க."

எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. உயிருக்கு ஆபத்து என்றால் பாஸ்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். சபை ஆள் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெயர் சொல்ல வேண்டும். பிதா என்று ஒரு கை தண்ணீர், குமாரன் என்று ஒரு கை, பரிசுத்த ஆவி என்று ஒரு கை. மூன்றும் இருந்தால்தான் முழுசு.

நர்சம்மா வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் துணியோடு ஏந்தி என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். முந்தின நாள் டூட்டிக்குப் போட்ட காக்கியோடே இருந்தார். அவருடைய ஒரு உள்ளங்கையே பிள்ளைக்குப் போதுமாக இருந்தது. டம்ளரில் தண்ணீர். அவனுக்கென்று நாங்கள் யோசித்து வைத்திருந்த பெயரைச் சொன்னேன். பிதா என்று சொல்லி ஊற்றினேன். தண்ணீர் அவன் நெற்றியில் நின்றது. குமாரன் என்று சொல்லி ஊற்றினேன். அவன் கண்ணைத் திறந்தான். கறுகறுவென்று இருந்த அந்தக் கண்ணைப் பார்த்தது வரைக்கும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஜன்னல் வெள்ளையானது, அறை வெள்ளையானது, நானும் எங்கேயோ போய்விட்டேன்.

திருநெல்வேலி வண்டி வந்தது. அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

நான் முழித்தபோது மத்தியானம். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி ஆபீஸில் கையெழுத்துப் போடப் போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாஸ்டரும், சபையின் மூப்பர் ஒரு அண்ணாச்சியும் நின்றார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். பிறகு, கேட்கவே மனசில்லாதவராகக் கேட்டார்: "ஞானஸ்நானம் கொடுத்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்கம்மா. மூணு நாமமும் சொன்னீங்களா?"

ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் என் ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் ஆன பிள்ளை என்றால் மணி அடிக்கும், பாஸ்டர் அங்கி போட்டு வருவார், பெயர் சொல்லி ஜெபம் பண்ணி என் அம்மாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஆகாத பிள்ளை என்றால் மதில் ஓரத்து மூலை. மணி இல்லை, ஜெபம் இல்லை, பெயரும் இல்லை. அந்த மூலையை நான் பார்த்திருக்கிறேன், நெருஞ்சி மண்டிக் கிடக்கும். என் பிள்ளையை அங்கே போடக்கூடாது. உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாய் வரை வந்தது. அவனுடைய காரியத்தில் பொய்யைக் கலக்க மனசு வரவில்லை. "ரெண்டு சொன்னது நெனப்பிருக்கு ஐயா. மூணாவது தெரியல."

மூப்பர் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "அப்போ முழுசா ஆகலயேம்மா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "முழுசா ஆகலன்னா? நான் என்ன பரீட்சையா எழுதிக்கிட்டிருந்தேன், அண்ணாச்சி? எம்பிள்ள கண்ணத் தொறந்து பாத்தான். அந்த நேரத்துல எனக்கு மூணாவது பேரு எப்படி வரும்?" என்று கத்தினேன். வாழ்நாள் முழுக்க நான் கேலி பண்ணிக்கொண்டிருந்த கணக்கு, அன்றைக்கு என் பிள்ளைமேல் வந்து விழுந்துவிட்டது. பெற்ற வயிறு வலிக்க வலிக்க அழுதேன்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். என்ன விசயம் என்று பாஸ்டர் மெதுவாகச் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"மூணாவது நான் சொன்னேன்" என்றார்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"இவ ரெண்டு தடவ தண்ணி விட்டா. அப்புறம் மயங்கிட்டா. கேட்டுக்கு வெளிய நின்னு வாரவாரம் கேக்கது எனக்குத் தெரியும்லா, மூணு பேருன்னு. பாதியில விடக்கூடாதுன்னு பட்டுது. பரிசுத்த ஆவின்னு சொல்லி நான்தான் தண்ணி விட்டேன். நான் சொன்னது தப்புன்னா எம்மேல வச்சுக்கிடுங்க. பிள்ளமேல வைக்காதீங்க."

மூப்பர் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் முறை என்றால் முறை. "தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க சபைக்காரர் இல்ல. அதுபோக ஒரு ஆள் பாதி, இன்னொரு ஆள் பாதின்னு..." என்று இழுத்தார்.

பாஸ்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே மலை இல்லை. சாரல் மட்டும் இருந்தது. அவருக்கும் இது புதுசு என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. தேங்காய், அருவி எதையும் அவர் எடுக்கவில்லை.

"அண்ணாச்சி," என்றார் திரும்பி. "பிதாவையும் குமாரனையும் அவங்க கூப்பிட்டாங்க. அந்த ரெண்டு பேரு வந்த எடத்துக்கு ஆவியானவர் வராம வெளியவா நிப்பாரு? ஒருத்தர விட்டு ஒருத்தர் பிரியாதவங்கன்னுதான வாரவாரம் அறிக்கை பண்ணுதோம். நம்ம தேவன் தனியா இருக்கவரு இல்ல, அண்ணாச்சி. தாய் சொல்ல ஆரம்பிச்சத தகப்பன் சொல்லி முடிச்சிருக்காரு. அது ரெண்டு ஜெபம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். மணி அடிக்கச் சொல்லுங்க."

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு, மணி அடிக்கச் சொல்ல அவரே போனார்.

சாயங்காலம் நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பெற்ற உடம்போடு போகக்கூடாது என்று டாக்டரம்மா திட்டினாள், சொந்தக்காரப் பெண்கள் தடுத்தார்கள். போங்கடி என்று காரில் ஏறிவிட்டேன். மேற்கே வெயில், எங்கள் தலைக்கு மேலே தூறல். ஈரப் புல்லெல்லாம் மஞ்சளாக எரிந்தது. மணிச்சத்தம் காற்றில் கொஞ்சம் வரும், கொஞ்சம் எங்கேயோ போய்விடும். நடக்கிறேனா, யாராவது தூக்கிப்போகிறார்களா என்றே எனக்குத் தெரியவில்லை.

பெட்டியை வாங்கக் குழி வெட்டுகிறவர் கை நீட்டினார். என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. ஷூவோடு ஈர மண்ணில் மண்டிபோட்டு, கையை உள்ளே முழுசாக விட்டு, அவரே வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. பாஸ்டர், பிதா, குமாரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருசமாகக் காதில் விழுந்த வார்த்தைகள். எனக்கு அவை அன்றுவரை இரண்டு எண்கள். குமாரனைக் குழிக்குள் வைத்துவிட்டுக் கையை எடுக்க முடியாமல் ஒரு தகப்பன் மண்டிபோட்டிருப்பதை என் கண்ணால் பார்த்தபோதுதான், இந்தப் பெயர்களை யார் எதற்கு வைத்தார்கள் என்று எனக்கு உறைத்தது.

எல்லாரும் போன பிறகு நாங்கள் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் மரியாதைக்குத் தள்ளி நின்றார். கண்ணாடியெல்லாம் சாரல். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை.

"ஏட்டி," என்றார். "ஒங்க சாமிக்கும் ஒரே பையன்தான?"

"ஆமா."

"அவனும் செத்தான்லா?"

"ஆமா. ஆனா மூணாம் நாளு..." என்று தொடங்கினேன்.

"அப்போ அவருக்குத் தெரியும்" என்றார். கையிலிருந்த மண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மூணாவது ஆளு, நான் பேரு சொன்னேம்லா, அவரு என்ன செய்வாரு?" என்று கேட்டார்.

ஞாயிறு பள்ளியில் ஒப்பித்ததுதான் நாக்கில் இருந்தது. "தேற்றரவாளன்னு பேரு" என்றேன். "தேத்துதவரு. துக்கத்துல தனியா விடாம கூடவே இருப்பாரு."

அவர் தலையை என் தோளில் சாய்த்தார். அன்றைக்கு வரைக்கும் போலீஸ்காரர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அப்போ அவர நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுட்டி" என்றார்.