கப்பல் கொடி மாறியபோது

ஆரணி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கிய என் கணவருக்கு வேலை போயிருந்தது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் லீவில் வந்த சில வாரங்கள்தான் நாங்கள் சேர்ந்து இருந்தது. அவருக்குப் பயணிகள் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை. நான் பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண். நடுக்கடலில் சிக்னல் போய்விட்டால் எங்கள் குடித்தனமும் போய்விடும்.

என் மாமியாருக்கு விஷயம் பிடிபடவே இல்லை. கப்பல் மூழ்கவில்லை, முதலாளியும் மாறவில்லை. பிறகு ஏன் அனுப்பினார்கள்?

"கொடிய மாத்தனா உனக்கு இன்னாடா?" என்று கேட்டார்.

"கப்பல் அதேதாம்மா. அது பொறந்த ஊர மட்டும் மாத்தி எழுதிகினாங்க."

அதுவரை நம் நாட்டுப் பதிவில் இருந்த கப்பலை, செலவு குறையும் என்று வேறொரு நாட்டின் பதிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த நாட்டுச் சட்டப்படி இவர்களை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. கப்பலுக்கு ஆள் பிடிக்கும் புது ஏஜென்ட் வேறு ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார். கப்பலின் பின்பக்கம் கயிற்றில் தொங்கியபடி, அது பதிவான பழைய ஊரின் பெயர் மேல் பெயின்ட் அடித்தார்கள். புதுக்கொடி ஏற்றியபோது பெரிய கேக் வெட்டினார்கள். அதைப் பயணிகளுக்குப் பரிமாறியதும் இவர்தான், கூடவே நின்று கைதட்டியதும் இவர்தான். தட்டெல்லாம் கழுவி முடித்த பிறகு பெட்டியைக் கட்டச் சொன்னார்கள்.

மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக்கு நல்லா இருந்திச்சா?" என்றார்.

"நல்லாத்தாம்மா இருந்திச்சி."

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முதல் வாரம் முழுக்க அவருக்குத் தரை ஆடியது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் தலை கிறுகிறுக்கும். கப்பல் பழக்கத்தில் எங்கள் கட்டில்மேல் துண்டை யானையாக மடித்து வைப்பார். ஆனால் ஏஜென்ட்டுகளுக்குப் போன் போட்டு, எல்லோரும் காத்திருக்கச் சொன்ன நாட்களில் கட்டிலில் யானை இருக்காது. அப்போது நானும் பயந்தேன்.

ஒருநாள் தேவிகாபுரத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. மணப்பெண்ணுக்குக் கொசுவம் கையில் நிற்காதாம். முன்கூட்டியே மடிப்பு எடுத்து அயர்ன் பண்ணித் தர யாராவது இருக்கிறார்களா என்று அவள் அம்மா கேட்டார்.

"இருக்காருங்க. எங்க வீட்டுக்காரரு," என்றேன். சொன்ன பிறகுதான், அவர் புடவையைத் தொட்டே பார்த்ததில்லை என்பது உறைத்தது.

அன்று என் கல்யாணப் புடவையை வைத்துப் பழகினோம். முதல் முறை கட்டிப் பார்த்தபோது கொசுவம் என் முதுகுப்பக்கம் போய் நின்றது. மாமியார் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார். அவிழ்த்து, மடித்து, மறுபடி அவிழ்த்து, ஒருவழியாகக் கை பழகியது. கல்யாணத்தன்று மடிப்பு கலையாமல் புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனார். மண்டபத்திலேயே இன்னும் இரண்டு பெண்கள் அவர் போன் நம்பரைக் கேட்டு வாங்கினார்களாம்.

இப்போது முகூர்த்த மாதங்களில் வீடெல்லாம் புடவைதான். ஆடியில் ஒன்றும் வராது. இந்த ஆடியில்தான் ஒரு ஏஜென்ட் கூப்பிட்டு வேறொரு கப்பலில் இடம் இருப்பதாகச் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"இப்போதிக்கு வரலீங்க," என்று போனை வைத்தார்.

சேர்ந்து ஊர் சுற்ற நான் கடைக்கு அரைநாள் லீவு சொன்னேன். எங்கே போவதென்று தெரியாமல் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். தேசூர் பஸ். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது.