இல்லாத நாட்டில் நான் போட்ட வாக்கு

ஷார்ஜாவுக்கு வந்த இந்த இருபத்திரண்டு வருடங்களில் நான் ஒரே ஒரு தடவைதான் வாக்களித்திருக்கிறேன். அந்த நாடு உலகப்படத்தில் கிடையாது. போட்ட வாக்கும் என் சொந்த மகளுக்கு எதிராகப் போட்டது.

என் கடவுச்சீட்டு நாட்டில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை. இங்கே என்னிடம் யாரும் வாக்குக் கேட்பதில்லை. விசாவைப் புதுப்பித்தோமா, வாடகை ஒப்பந்தத்தைப் பதிந்தோமா என்று வாழ்ந்து பழகிவிட்டது. அப்படியிருந்த என்னை மகளின் பள்ளிக்கூடம் திடீரென்று ஒரு குடிமகள் ஆக்கியது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய ஆசிரியை ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருந்தார். ஐரோப்பாவின் மூலையில் ஒரு சின்னக் கற்பனை நாடு. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்புகிறது. மகள் அந்த நாட்டின் பிரதமர். அதற்குள்ளேயே ஒரு மலைப்பகுதி உண்டு. அதற்குத் தனி மொழி, தனி அவை. அதன் தலைவனாக இன்னொரு மாணவன். பேச்சுகள் முடிந்ததும் பெற்றோர்தான் நாட்டு மக்கள். சேரலாமா வேண்டாமா என்று கையுயர்த்திச் சொல்ல வேண்டும். சேரலாம் என்றால் மகளின் அணி, வேண்டாம் என்றால் மலையின் அணி, தோஹாவில் நடக்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். மகளுக்கு தோஹா போயே ஆக வேண்டும். பள்ளியில் அவளுடைய கடைசி வருடம், இதுவரை எதிலும் அவள் முதலாவதாக வந்ததில்லை.

ஒரு மாதம் எங்கள் இரண்டறை வீடு ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸாக இருந்தது. நான் துணி இஸ்திரி போட்டால் எதிரே நின்று, "இறைமையை நாங்கள் இழக்கேல்ல அம்மா, பங்கு போடுறம். வெளியில நிண்டாலும் ஒன்றியத்தின்ர சட்டப்படிதான் சாமான் விக்கவேணும். உள்ளுக்க போனா அந்தச் சட்டம் எழுதுற மேசையில எங்களுக்கும் ஒரு கதிரை," என்பாள். சேர விரும்பும் நாடு சட்டம், சுங்கம், நீதிமன்றம், மீன்பிடி என்று ஒவ்வோர் அத்தியாயமாகத் தன்னைத் திருத்திக் காட்ட வேண்டுமாம். உள்ளேயிருக்கும் ஒரு நாடு முகம் சுளித்தாலும் கதை முடிந்ததாம். முப்பத்தைந்து அத்தியாயங்களும் பிரதமருக்கு மனப்பாடம். ஈரத் துவாயைக் கட்டிலில் போடக் கூடாது என்பது மட்டும் எந்த அத்தியாயத்திலும் வரவில்லை.

அவள் தயாரித்த ஒப்பந்தத்தை நான்தான் அலுவலகத்தில் அச்செடுத்தேன். என் வேலை கப்பல் சரக்குகளுக்கான ஆவணங்களைச் சரிபார்ப்பது. ஒரு தாள் குறைந்தால் ஒரு கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும். எதையும் முழுதாக வாசிக்காமல் கையிலிருந்து விட எனக்குத் தெரியாது. நாற்பது பக்கங்களையும் வாசித்தேன். மலைப்பகுதியின் சம்மதத்தை எங்கேயும் யாரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவர்களுக்கு அறிவிக்கப்படும் என்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நான் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கி, கம்பி அடித்து, மகளிடம் கொடுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை காலை. மண்டபத்தில் ஏசி அவ்வளவு குளிர். எல்லா அம்மாமாரும் சால்வைக்குள் இருந்தோம். என் பக்கத்தில் மலைத் தலைவனின் வாப்பா. ராமநாதபுரத்துக்காரர், தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கிறார். அவர் உட்கார்ந்தாலே ஏலக்காய் வாசம் வரும்.

"சிஸ்டர், இன்னைக்கு நீங்களும் நானும் எதிரி நாடு," என்றார்.

"எதிரி நாடில்லை பாய். நீங்கள் எங்கட மாகாணம்."

"அந்தப் பேச்சே வேணாம். ஒரு மாசமா எங்க வீட்டுல இதான் ரகளை. அவன் ரூமுக்குள்ள நான் போகணும்னா அனுமதி வாங்கணுமாம். தன்னாட்சியாம். வாடகை மட்டும் மத்திய அரசு கட்டணுமாம்."

மகள் நன்றாகப் பேசினாள். தாய் என்பதற்காகச் சொல்லவில்லை; கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளும் பழக்கத்தைக்கூட அன்று மறந்திருந்தாள். கைதட்டல் பெரிதாக இருந்தது. தோஹாவுக்குக் கொண்டுபோக எந்தப் பெட்டி என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

பிறகு பாயின் மகன் எழுந்தான். அவன் சத்தமே போடவில்லை. "ஒன்றியத்துக்குள்ளே பெல்ஜியம் என்று ஒரு நாடு இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். "வேறொரு நாட்டைப் புதிதாகச் சேர்ப்பதற்குக்கூட அங்கே தலைநகரம் சம்மதித்தால் போதாது, அதன் மாநில அவைகளும் சம்மதிக்க வேண்டும். அப்படியானால், நாங்கள் சேர்வதைப் பற்றி பெல்ஜியத்தின் ஒரு மாநிலத்தைக் கேட்பார்கள். எங்களை, எங்கள் சொந்தப் பிரதமர் கேட்கமாட்டார். ஒன்றியத்தில் சேர எங்களுக்கும் விருப்பம் இருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

சேரலாம் என்பவர்கள் கையுயர்த்துங்கள் என்றார் ஆசிரியை. கைகள் உயர்ந்தன. என் கை மடியில் கிடந்தது. பக்கத்தில் பாய், மகனைப் பார்க்காமல், மெதுவாகக் கையைத் தூக்கியிருந்தார். வேண்டாம் என்பவர்கள் என்றார் ஆசிரியை. என் கை உயர்ந்தது. யாரோ பிடித்துத் தூக்கியது போல இருந்தது என்று எழுதினால் எனக்கு வசதி. உண்மையில் நானேதான் தூக்கினேன், முழங்கை நேராகும்வரை.

இரண்டு தடவை எண்ணினார்கள். மகள் ஒரே ஒரு வாக்கால் தோற்றாள்.

"நீங்களுமா சிஸ்டர்?" என்றார் பாய் தணிந்த குரலில். "நான் வேற வழியில்லாம போட்டேன். இவன் தோஹாவுக்குப் போனா அதுவரைக்கும் வீட்டுல இதே பேச்சுதான். பரவாயில்ல, உங்களது எனக்கு, என்னது உங்களுக்கு. கழிச்சா ஒண்ணுமில்ல."

அந்தக் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனேன். அல் நஹ்தாவில் சிக்னல் சிவப்பு. சிக்னலில் நான் பாயின் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் என்னத்தைப் போட்டாலும் போடட்டும்," என்றாள். "நீங்கள் மாறிப் போட்டிருந்தா நான் வெண்டிருப்பன்."

கணக்கு சரி. பச்சை விழுந்தது. நான் ஓட்டினேன்.

"முதல்ல நீங்கள் சால்வையைச் சரிசெய்யிறீங்கள் எண்டு நினைச்சன்," என்றாள் கொஞ்சம் பொறுத்து. அதற்குப் பிறகு வீடுவரை ஆங்கிலம். அதுவும் ஆம், இல்லை மட்டும்.

ருவைஸில் தங்கி வேலை செய்யும் கணவருக்கு அடுப்படியிலிருந்து போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று நினைத்தது என் பிழை. "நீர் வீட்டில ஒருநாளும் எனக்கெதிரா வாக்குப் போட்டதில்லையே," என்று சிரித்தார். "எல்லாத்தையும் நீரே முடிவெடுத்து எனக்கு வாக்கே தாறேல்லை எண்டு இப்பதான் விளங்குது. பிள்ளை சாப்பிட்டதோ?"

பிள்ளை சாப்பிடவில்லை. மூன்று மணிபோல அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள்.

"அந்தப் பிழை உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பிரின்ட் எடுக்கேக்க."

"அப்ப ஒரு மாசமா தெரியும்."

"மூண்டு கிழமை."

"தோத்தது பரவாயில்லை அம்மா. ஏன் எனக்குச் சொல்லேல்ல? வீட்டில வாய் திறக்காம இருந்திட்டு எல்லாருக்கும் முன்னால கையைத் தூக்கினா, நான் இனி உங்களை என்னெண்டு நம்புறது?"

இதுதான் கேள்வி. இதற்குத்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அரசியல் பேசுவதில்லை. அவள் பிறந்தபோதே எடுத்த முடிவு. ஊர் என்றால் மாம்பழம், கடல், சித்தியின் கலியாணம், அதோடு நிறுத்திவிடுவோம். முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்தேன். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"சரி, இப்ப சொல்லுங்கோ," என்று கழுவிய பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

சொன்னேன். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் எங்கள் வட மாகாணத்தையும் பக்கத்துக் கிழக்கு மாகாணத்தையும் ஒரே மாகாணமாக இணைத்தார்கள். பிறகு, நான் ஷார்ஜாவில் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, பிரித்தார்கள். இரண்டு தடவையும் எங்கள் வீட்டுக்குச் செய்தியாகத்தான் வந்தது. ஒருவரும் கேட்கவில்லை. இணைத்தபோது, சேர்ந்திருக்க விருப்பமா என்று கிழக்கில் வாக்கெடுப்பு வைப்போம் என்றார்கள். ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டார்கள். கடைசிவரை அது நடக்கவேயில்லை. சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல பேச்சாளர்போல உணர்ந்தேன்.

மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"கிழக்கில ஆர் இருந்தவை?"

"தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், எல்லாரும்."

"அப்ப உங்களோட சேர விருப்பமா எண்டு வடக்கில இருந்த நீங்கள் அந்தச் சனத்தைக் கேட்டனீங்களா?"

நான் கரண்டியைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய கரண்டி. எங்கள் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பார்த்தேன். வாசிகசாலையில் பேசியவர்களை, பேப்பரில் எழுதியவர்களை. அந்த வாக்கெடுப்பு நடக்காமல் போனதில் யாருக்கு நிம்மதி என்று எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாகக் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை. கிழக்கு எங்களோடு வரும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயமாகவே இருந்தது.

"சொல்லுங்கோ அம்மா."

"இல்லை," என்றேன். "நாங்கள் கேக்கேல்ல."

காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. பிரதமர்களுக்கு எதிர்க்கட்சியின் கோப்பு கையில் கிடைத்தால் வருமே, அந்த மாதிரி. மேடையிலிருந்து குதித்து இறங்கி, தானே சோறு போட்டு, கறிச்சட்டியை வழித்து ஊற்றிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

"நீங்களும் வந்து இருங்கோ," என்றாள் அங்கிருந்து. "எனக்கு இன்னும் கேள்வியள் இருக்கு. இந்த முறை தெரிஞ்சதை மறைக்கக் கூடாது."

கையைத் துடைத்துக்கொண்டு போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.