மணிக்கு முன் நிறுத்தாதவன்

ஆஸ்திரேலியாவில் ரிவரினா பக்கத்துக் கம்பளிக் கொட்டகைகளில் நான் சமையல்காரி. ஆட்டு ரோமம் வெட்டுகிற ஆண்களுக்கு வயிற்றைத் தவிர உடம்பில் வேறு உறுப்பு இருப்பதே தெரியாது என்பது என் கருத்து. மணி அடித்தால் குனிவார்கள். அடுத்த மணிவரை ஆட்டை விட்டு நகரமாட்டார்கள். நடுவில் நிறுத்துகிறவனை அந்தப் பருவம் முழுக்கக் கிண்டலடித்தே ஓட்டிவிடுவார்கள்.

ரோவனும் அப்படித்தான். முப்பத்திரண்டு வயது. எங்கள் குழுவில் அவன் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஒருநாள் வேலைக்கு நடுவே வலது கை மரத்தது. வெட்டுமிஷின் பிடிக்கிற கை மரத்துப்போவது இங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். கத்தி மழுங்கியதால்தான் மரத்தது என்று நினைத்து வேறு கத்தி மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தான். மணி அடித்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள், அவன் மட்டும் ஆட்டின் மேலேயே சரிந்தான். பக்கவாதம். ரத்த அழுத்தம் ரொம்ப நாளாகவே ஏறிக் கிடந்திருக்கிறது, யாராவது ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார் டாக்டர்.

பிழைத்தான். நடை வந்தது, பேச்சு வந்தது. வலது கை வரவில்லை. இப்போது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு கொட்டகை கொட்டகையாக வெட்டுகிறவர்களைச் சோதிக்க வருகிறான். சோதனை தேநீர் இடைவேளைக்குள் முடிந்துவிடும். அவனோ சாயங்காலம்வரை போகமாட்டான். தன் பழைய இடத்துக்கு எதிரே கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து, வெட்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பான். ஏக்கம் என்றால் என்னவென்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த இடத்தில் இப்போது நிற்பவன் கிளெம், ரோவனின் கூட்டாளி. கருவியைக் கண்டாலே எகிறுவான்.

"ஆட்டுக்கு ஊசி போடுற மாதிரி எங்களை வரிசையில நிக்கச் சொல்றியாடா?" என்றான் ஒருநாள் இடைவேளையில். "நீ ஒரே ஒரு ஆட்டை முழுசா வெட்டு, நான் கையை நீட்டுறேன்."

"வாயை மூடுடா பாவி!" என்று நான் கரண்டியோடு போவதற்குள் ரோவன் எழுந்துவிட்டான். இடது கையால் ஒரு பெட்டை ஆட்டை இழுத்து வந்து, அதே கையில் மிஷினை எடுத்தான். ஆட்டைத் தாங்கவேண்டிய வலது கை தொங்கியது. முதலில் வெட்டுகிற வயிற்று ரோமம்கூட முடியவில்லை. ஆடு உதறியதில் மல்லாந்து விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

கிளெம் ஆட்டைப் பிடித்து மீதியை வெட்டி முடித்தான். பிறகு உட்கார்ந்து கையை நீட்டினான்.

ரோவன் கருவியில் வந்த எண்ணைப் பார்த்தான். இன்னொரு தடவை அளந்து பார்த்தான். "எந்திரி. இப்பவே ஆஸ்பத்திரி."

"இந்தச் சுத்து முடியட்டும்டா. அடுத்த மணிக்குப் போறேன்."

"அடுத்த மணிவரைக்கும்னு நின்னவன்தான்டா உன் முன்னால நிக்கிறேன்! என் கையைப் பாரு!"

கிளெம் பார்த்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வேலை நாளில் பாதியில் போன அவனை ஒருவரும் கிண்டல் செய்யவில்லை.

சில வாரத்தில் மாத்திரைகளோடு திரும்பி வந்தான். அன்று சோதனை நாள் இல்லை. ஆனாலும் ரோவன் வந்திருந்தான். கிளெம் குனிந்து முதல் ஆட்டை வெட்டத் தொடங்கியதும் இவன் எழுந்து என் சமையலறைக்கு வந்துவிட்டான்.

"என்னப்பா, சத்தம் போட்டுக் காப்பாத்தினே, நின்னு பாக்கலையா?" என்றேன்.

"அவன் உசுரோட நிக்கிறான்க்கா. அது போதும்னுதான் நெனைச்சேன்," என்றான். "போதலைக்கா. அந்த எடம் எனக்கு வேணும்."