மேனேஜர் நகர்த்திய கோப்பை

காபியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆடு மேய்த்த ஒருவனிடமிருந்து தொடங்குவார்கள். ஆடுகள் ஏதோ பழத்தைத் தின்றுவிட்டுத் துள்ளிக் குதித்தன, அதைப் பார்த்து அவனும் தின்றான் என்று கதை போகும். எங்கள் குடும்பத்தில் அந்த வரலாறு மெத்தைக் கம்பெனி மேனேஜரிடமிருந்து தொடங்கும். சொல்பவர் என் அக்கா புருஷன். கல்யாண வீடு, சாவு வீடு என்று பேதம் பார்க்கமாட்டார். யாராவது கையில் ஒரு காபியைக் கொடுத்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

அத்தான் அந்தக் கம்பெனியில் கோடவுன் பொறுப்பாளர். ஊருக்கெல்லாம் மெத்தை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தூங்காத மனிதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹோட்டலுக்குப் போகவேண்டிய மெத்தைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். நோயாளிகள் வீட்டுக்குப் போகமாட்டோம் என்று அடம்பிடித்ததாக அவரே சொல்வார். அதை நான் நம்பவில்லை. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்ற பயத்தில், பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் அத்தான் உள்ளே போனார். மேனேஜர் திட்டவில்லை. தன் மேஜைமேல் ஆவி பறந்துகொண்டிருந்த காபியை ஒரு விரலால் அத்தான் பக்கம் நகர்த்தி, "நீங்க சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். அத்தான் அதை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே, அழுதுகொண்டே குடித்தார். கதை இந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து நின்று குடித்தும் காட்டுவார். நாங்களும் முதல்முறை கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு கோப்பைக்காக அத்தான் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார். மேனேஜர் வீட்டு கேஸ் சிலிண்டருக்கு அலைந்தார். மேனேஜர் மகனின் ஸ்கூல் அட்மிஷனுக்கு வரிசையில் நின்றார். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது மேனேஜர் சொன்ன லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது பிறந்த மகள் வளர்ந்து, கல்யாணமாகிப் போன ஊரில் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது. அதன் பொறுப்பு இரண்டு முறை அத்தானைத் தேடி வந்தது. "நீங்க போயிட்டா நான் என்ன பண்றது" என்று மேனேஜர் இழுத்தார். அத்தான் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். இறக்கிய பெட்டியை அக்கா இரண்டு முறையும் பரணிலேயே திரும்ப ஏற்றினாள்.

மூன்றாம் முறை வந்தபோது மேனேஜருக்கே ஓய்வுக் காலம். அக்காவுக்கு உயிர் வந்தது. மகள் பக்கத்தில் இருக்கவேண்டும், பேரனைத் தூக்கவேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. ஆனால் மேனேஜர் சொந்தமாக ஒரு மெத்தைக் கடை திறக்கிறாராம். கோடவுனைப் பார்த்துக்கொள்ள அத்தான் வரவேண்டுமாம். சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாமாம். கிளைக்குப் போகிறாரா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் கம்பெனிக்குச் சொல்லவேண்டும், அதற்குமேல் கேட்கமாட்டார்கள். அத்தான் அக்காவுக்குப் பிடிகொடுக்கவில்லை. மேனேஜர் கையால் சாப்பிட்ட வாயால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று என்னிடம் மட்டும் கேட்டார். என் வாயில் வந்ததை நான் சொல்லவில்லை.

மேனேஜரின் பிரிவுபசார விழாவுக்குக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு உண்டு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். அத்தான் மேடையேறி, காபி வரலாற்றை ஒரு வரி விடாமல் சொன்னார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் எழுந்து நிற்கும் வேலை மட்டும் மிச்சமானது. அடுத்து மேனேஜர் மைக்கைப் பிடித்தார். ஓய்வு பெறும் நாளில் மனிதர்களுக்கு வரும் தாராளம் அவருக்கும் வந்திருந்தது.

"இன்னிக்கு உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் காபியில ஈ விழுந்துடுச்சு. பேனா மூடியால எடுத்துப் போட்டேன், ஆனா குடிக்க மனசு வரல. கொட்டினா, காபி போடற அம்மா கோவிச்சுக்குவாங்க. அந்த நேரம் பாத்து இவர் வந்து நின்னாரு. சாப்பிடுங்கன்னேன். இவர் கண்ணுல தண்ணி விட்டதும், அப்புறம் எப்படிச் சொல்றது?"

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தக் கதையை யாராவது ஒழித்துக்கட்டமாட்டார்களா என்று வருஷக்கணக்காக ஏங்கியவன் நான். ஆனால் அத்தானும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கப் பார்த்து, முடியாமல் கைக்குட்டையை எடுத்தாரே, அப்போது அந்த மேனேஜரை மைக்கோடு சேர்த்துக் கீழே இழுத்துப் போடவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு காபி வந்தது. மேனேஜர் அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கைபோட்டு, திங்கட்கிழமை சீக்கிரமே கடைக்கு வந்து ரேக்குகளை இறக்கிவைக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு கோப்பையை ஒரு விரலால் அத்தான் பக்கம் நகர்த்தினார். அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோப்பைக்குள் குனிந்து பார்த்தார். ஈ இல்லை. நல்ல காபிதான். பிறகு அதே மாதிரி ஒரு விரலால் அதைத் திரும்ப நகர்த்தினார்.

"நீங்க சாப்பிடுங்க சார். நான் பொண்ணு இருக்கிற ஊருக்குப் போறேன்."

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை, விஷயமே புரியவில்லை. போயும் போயும் ஒரு ஈக்காகவா என்று என்னிடம் கேட்டார். நான் இரண்டாவது ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். பெட்டி பரணிலிருந்து இறங்கியிருந்தது. அத்தான் நாற்காலியில் சாய்ந்து, துக்கம் விசாரிக்க ஆள் வந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். என்ன இருந்தாலும் அன்றைக்கு அந்தக் காபியால் தன் பசி அடங்கியது நிஜம்தானே என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அக்கா ஆளுக்கொரு கோப்பையோடு அடுக்களையிலிருந்து வந்தாள்.

"நானும் கல்யாணமான நாள்லேருந்து காபி போடறேன். ஒருநாளும் ஈ விழல. அதனாலதான் அதை யாரும் கதையா சொல்லல போல."

அத்தான் எழுந்தார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே குடித்தார். எனக்கும் உட்கார்ந்து குடிக்க மனம் வராமல் எழுந்துவிட்டேன்.