மச்சான் கையும் சாம்பல் நிறக் கல்லும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. கல்லுக்காரர் என்றால்தான் தெரியும். கல் உடைக்கிறவரோ என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவர் முடிதிருத்துகிறவர். இரண்டு நாற்காலி போட்ட கடை. வாசல் பக்கத்து நாற்காலி அவருடையது, உள்பக்கத்து நாற்காலி அவருடைய மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், இவரைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் சேர்ந்து கடை திறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இவருக்கு வாய் ஓயாது, அவருக்கு வாய் திறக்காது. அதனால்தான் கடை சண்டையில்லாமல் ஓடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு.

மடக்குக் கத்தியால் செய்கிற சவரத்துக்குப் பேர்போன கடை அது. சவரத்தில் மச்சான் கைக்கு ஈடில்லை என்றால், கத்தி தீட்டுவதில் கல்லுக்காரருக்கு ஈடில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள்கூடத் தங்கள் கத்திகளை இவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கிப் போவார்கள். வாங்கிப் போகும்போது கொஞ்சம் உபதேசமும் கேட்டுக்கொண்டு போகவேண்டும், அது கட்டாயம்.

"எந்தக் கத்தியா இருந்தாலும் சொரசொரப்புக் கல்லுலயே ஆரம்பிக்கிறான் பாரு, அவன் கத்தியைத் தீட்டல, தின்னுறான். முதல்ல கத்தியைப் பாரு, அப்புறம் கல்லை எடு. பல்லு போன கத்திக்கு நாலு கல்லும் வேணும். மழுங்கினதுக்கு ரெண்டு போதும். லேசா அசந்த கத்தின்னா கடைசிக் கல்லு மட்டும். இருபது இழுப்பு, அஞ்சு நிமிஷம், முடிஞ்சுது வேலை."

சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. அவரிடம் இருந்ததும் நாலே கல்தான். செங்கல் நிறத்தில் ஆயிரம் எண் கல், சாம்பல் நிறத்தில் நாலாயிரம், வெள்ளையில் எட்டாயிரம், மறுபடியும் சாம்பல் நிறத்தில் பன்னிரண்டாயிரம். எண் ஏற ஏறக் கல் நைசாகும். கல்லின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்கள் தினமும் தண்ணீரில் ஊறி ஊறி எப்போதோ அழிந்துபோயிருந்தன. சாம்பல் கற்கள் இரண்டும் காய்ந்திருந்தால் வித்தியாசம் தெரியும், கடைசிக் கல்லில் ஒரு நீலச்சாயல் ஓடும். நனைந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மனைவி ஒருமுறை சொன்னாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, ஒண்ணுல ஓரமா ஒரு பெயிண்ட் புள்ளி வைங்களேன்."

"நம்ம ரெட்டைப் பொண்ணுங்களுக்கு நெத்தியில நம்பர் எழுதியா வளர்த்தோம்?"

"அதுங்க கூப்பிட்டா பதில் சொல்லும். கல்லு சொல்லுமா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தலைக்கனம் உள்ளவர்கள் பதில் இல்லாத இடத்தில் சிரிப்பார்கள்.

அன்று காலை கடைக்குச் சோப்பு விற்க வந்த ஆள் ஒருவர் வாய் தவறி, "இத்தனை கல்லு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டார். போதாதா? கல்லுக்காரர் அவரை உட்காரவைத்துவிட்டார். மச்சானின் கத்தி அன்றைக்கு லேசாக அசந்திருந்தது. "இப்ப இதுக்கு எந்தக் கல்லு? பாருங்க," என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குள் கையைவிட்டுச் சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்தார். பார்வை சோப்புக்காரர் முகத்தில் இருந்தது. இருபது இழுப்பு. பிறகு தோல்வாரில் முன்னும் பின்னும் வழித்தார். எப்போதும் ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்ப்பார். அன்று பேச்சு சுவாரசியத்தில் அதையும் விட்டுவிட்டார். கத்தி மச்சான் கைக்குப் போயிற்று.

முதலில் உட்கார்ந்த தையல்காரர், "என்னங்க இன்னிக்கு இப்படி எரியுது?" என்று கன்னத்தைத் தடவினார். அவர் போனதும் மச்சான் மெல்ல வந்து, "மாப்ளே, கத்தி இழுக்குது," என்றார்.

அந்தக் கத்தியை வாங்கித் தன் முன்கையில் ஒரே ஒரு தடவை வழித்துப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சோப்புக்காரர் இன்னும் போகவில்லை.

"என் கல்லுல ஏறின கத்தியாவது இழுக்கிறதாவது! கத்தியில ஒண்ணுமில்ல மச்சான், உங்க கையைப் பாருங்க. அம்பத்தெட்டாச்சுல்ல!"

சோப்புக்காரர் சிரித்தார். காத்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். மச்சான் தன் நாற்காலிக்குப் போனார். அடுத்து உட்கார்ந்தவர் பத்திர எழுத்தர். மோவாயருகே கத்தி ஓடாமல் நின்றது. மச்சான் சற்று அழுத்தினார். ரத்தம் வந்துவிட்டது. படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டே பத்திர எழுத்தர், குறையாக இல்லாமல் அக்கறையாகத்தான் கேட்டார். "என்ன, கை நடுங்குதோ?"

மச்சான் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையால் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மறுநாளும் அதே கத்தி, அதே எரிச்சல், அங்கங்கே ரத்தப் பொட்டு. மூன்றாம் நாள் கத்தியைக் கொண்டுவந்து கல்லுக்காரரின் மேசையில் வைத்தார். "சவரத்தை இனிமே நீயே பார்த்துக்க மாப்ளே. எனக்கு முடி வெட்டுறது போதும்." கல்லுக்காரர் பெரிய மனதோடு சம்மதித்தார். வயதான மச்சானின் வேலையையும் சேர்த்துச் செய்கிறோம் என்று அவருக்குத் தன்மேல் மதிப்புகூட வந்தது. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அந்த வார விடுமுறையன்று நடுப்பகலில் கற்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி மொட்டைமாடியில் காயவைத்தார். காய்ந்ததும் பெட்டியில் அடுக்க எடுத்தார். அன்று தீட்டிவிட்டுக் கடைசிக் கல் என்று கடைசி இடத்தில் வைத்திருந்த கல்லில் நீலச்சாயல் இல்லை. இரண்டாம் இடத்துக் கல்லில் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்கு ஓடிப்போய் மச்சானின் கத்தியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். விளிம்பு முழுவதும் ரம்பம். நாலாயிரம் எண் கல்லில் இருபது இழுப்பு இழுத்து, அதை அப்படியே ஒரு மனிதனின் கன்னத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

அப்போது அவருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நல்லவேளை, இந்த வாரம் வெளியார் யாரும் கத்தி தீட்டக் கொடுக்கவில்லை. மச்சான் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அன்றே வெள்ளைக் கல்லிலும் சரியான சாம்பல் கல்லிலும் போட்டுக் கத்தியைப் பட்டாக்கினார். மறுநாள் அதை மச்சானின் இழுப்பறையில் வைத்து, "கத்தியை மறுபடியும் தீட்டியிருக்கேன் மச்சான், ஒருதடவை எடுத்துப் பாருங்க," என்றார்.

"கத்தியில எங்க குறை இருந்துச்சு? நீதான் சொன்னியே."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அதை மென்று விழுங்கினார். சொன்னால் என்ன ஆகிவிடும்? ஒரு நாள் நாலு பேர் சிரிப்பார்கள். கல்லுக்காரருக்கே கல் தெரியவில்லை என்று அடுத்த தெரு வரைக்கும் பேச்சு போகும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக அவர் வாயை மூடிக்கொண்டார், நாளொன்றுக்கு நூறு தடவை வாயைத் திறக்கிற மனிதர். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தார். தினமும் அதற்கு ஒரு சப்பைக்கட்டு கிடைத்தது.

மச்சான் முடி வெட்டும்போது தலையைப் பார்ப்பதை விட்டுத் தன் விரல்களைப் பார்க்க ஆரம்பித்தார். காதோரம் வந்தால் கத்தரிக்கோலை நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டார். ஆட்கள் மெல்ல வாசல் பக்கத்து நாற்காலிக்கே வரத் தொடங்கினார்கள். உள்பக்கத்து நாற்காலியை மச்சான் ஒரு நாளைக்கு நாலு முறை துடைத்தார். கல்லுக்காரரால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. கண்ணாடியிலும் அந்த மூலை தெரியாதபடி நின்று வேலை செய்தார்.

ஒரு நாள் மதியம் சோற்றைப் போட்டுவிட்டு மனைவி சொன்னாள். "அண்ணன் இப்பல்லாம் டம்ளரை ரெண்டு கையால பிடிச்சுத்தான் தண்ணி குடிக்குதாம். அண்ணி ஏன்னு கேட்டா, கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்குன்னு சொல்லுதாம்."

அவர் பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிட்டார். மனைவியிடமும் சொல்லவில்லை. புள்ளி வைக்கச் சொன்னவள் அல்லவா?

கடைக்குத் திரும்பியதும், ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல, "டாக்டர்கிட்ட கையைக் காட்டினீங்களா மச்சான்?" என்றார்.

"காட்டினேன். நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னார்."

"அப்புறம் என்ன?"

"அவர் என் கையை அஞ்சு நிமிஷம் பார்த்தார். நீ இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல நின்னு பார்க்கிற. நீ சும்மாவா சொல்லுவே?"

கல்லுக்காரரின் நாற்காலியில் பத்திர எழுத்தர் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் தையல்காரரும் இன்னொருவரும் இருந்தார்கள். எல்லோரும் போகட்டும், தனியாகச் சொல்லலாம் என்று வழக்கம்போல ஒரு சப்பைக்கட்டு எழுந்தது. ஆனால் கையைக் குறை சொன்னது தனியாகவா?

"உங்க கையில ஒண்ணுமில்ல மச்சான்," என்றார். "அன்னிக்கு நான்தான் கல்லை மாத்தி எடுத்துட்டேன். கடைசிக் கல்லுன்னு நினைச்சு ரெண்டாவது கல்லுல தீட்டிட்டேன். கத்தி இழுத்துது நிஜம். நீங்க சொன்னது சரி. எல்லார் முன்னாடியும் நான் சொன்னதுதான் தப்பு."

பத்திர எழுத்தர் நுரைக்குள்ளிருந்து, "அடப்பாவி!" என்றார்.

மச்சான் கையிலிருந்த துணியை மடித்தார். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

நேற்றுத்தான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது.

"அந்த வாரமே தெரிஞ்சுபோச்சு மச்சான். இன்னியோட முப்பத்தெட்டு நாள் ஆகுது."

ஓர் அறை விட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மச்சான் தலையை மட்டும் ஆட்டினார். மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

பத்திர எழுத்தருக்கு மீதியை வழித்து அனுப்பிவிட்டு, கல்லுக்காரர் போய் உள்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குப் பண்ணி விடுங்க மச்சான்."

வெகுநேரம் கழித்து மச்சான் துணியை வைத்துவிட்டு வந்தார். துண்டைப் போர்த்தினார், நுரை பூசினார், இழுப்பறையிலிருந்து தன் கத்தியை எடுத்து விரித்தார். கத்தி காதருகே வந்தது. வந்து பின்வாங்கியது. மறுபடியும் வந்தது. கல்லுக்காரர் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுங்கியது. பொய்யாகச் சொன்னது இப்போது உண்மையாகவே நடுங்கியது.

"மாப்ளே," என்றார் மச்சான், கோபமே இல்லாமல். "கண்ணை மூடிக்க. நீ பார்த்தாத்தான் நடுங்குது."

கல்லுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பிறகு காதுக்குக் கீழே கத்தி வந்து உட்கார்ந்து, கன்னம் வழியாக ஒரே இழுப்பில் இறங்கியது. மோவாயைச் சுற்றியது. தொண்டைக்கு வந்தது. மேலுதட்டுக்குப் போனது. எங்கேயும் தட்டவில்லை, எங்கேயும் எரியவில்லை.

மச்சான் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். "முடிஞ்சுது மாப்ளே. கண்ணைத் திற."

அவரால் திறக்க முடியவில்லை.