முனியாண்டி மேட்டில் படுத்திருந்தது

எங்கள் பாலோ ஊரில் வெள்ளம் வடிந்த வாரம், காட்டுப்பன்றி வேட்டைக்கு நாள் குறிக்க நானும் மணியம் அண்ணனும் எஸ்டேட்டுக்குப் போனோம். துப்பாக்கியும் லைசென்ஸும் அவருடையவை. வேட்டைக்கு முன் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்து உத்தரவு கேட்பது எங்கள் வழக்கம்.

எஸ்டேட்டில் முனியாண்டி கோயில் மேடு மட்டும்தான் மூழ்காமல் தப்பியிருந்தது. சூலத்தடியில் ஒரு தாய்ப்பன்றி, விலா எலும்பு தெரிய, குட்டிகளோடு கிடந்தது. எங்களைக் கண்டு எழப் பார்த்து, முடியாமல் மறுபடி படுத்துக்கொண்டது.

“சாமியே காட்டிக் குடுத்துட்டாரு லா. சனிக்கிழமை வருவோம்,” என்றார் அண்ணன்.

‘அடைக்கலம்னு வந்திருக்குண்ணே’ என்று சொல்ல வாயெடுத்தேன். மேட்டுக்குக் கீழேயே சுருட்டைப் பற்றவைத்து வைத்தேன்.

சனிக்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். சாயங்காலம் என் பங்குக் கறி வீடு தேடி வந்தது.

அந்த மேட்டில் கைகூப்பினால், என்ன வேண்டிக்கொள்வதென்று இன்றுவரை தெரியவில்லை.